விருந்தாளிக்கு விட்ட ரோடு

ஆலாத்திட்டில் ரோடு என்று ஒன்றே ஒன்றுதான் உண்டு, அதுவும் ஓரிடத்தில் கிடக்காது. பார்த்தால் சாதாரணத் தார் ரோடுதான். எட்டு வைத்து அளந்தால் முந்நூறு எட்டு நீளம், அகலம் ஒரு ஆட்டோ போக ஒரு மாடு ஒதுங்க, ஓரத்தில் எழுத்தழிந்த மைல்கல் ஒன்று, நடுவில் யாரோ எப்போதோ சிந்திய வெள்ளைப் பெயிண்டின் கறை. ஆனால் விடியும்போது படகுத்துறையில் கிடக்கிற ரோடு பள்ளிக்கூட மணி அடிக்கிற நேரத்துக்குப் பள்ளிக்கூடத்து வாசலில் கிடக்கும், மதியம் பள்ளிவாசல் பக்கம் கிடக்கும், பொழுது சாய்கிற நேரத்தில் மீன் கூடைகளை முதுகில் ஏற்றிக்கொண்டு மறுபடியும் துறைக்கே வந்து படுத்துக்கொள்ளும்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அடித்த புயலில், தீவைச் சுற்றி ஓடிய ரோடு முழுவதையும் கடல் பாயைச் சுருட்டுவதுபோல் சுருட்டிக்கொண்டு போனது. மூன்றாம் நாள் காலையில் இந்தத் துண்டு மட்டும், மந்தையை விட்டு வழி தவறிய கன்றுக்குட்டி தானாக வீடு திரும்புவதுபோல், துறையில் வந்து கிடந்தது. எங்கே போக வேண்டும் என்று மரியாதையாகச் சொன்னால் மணல்மேல் வழுக்கிக்கொண்டு போனது. ஏன் போகிறது, எப்படிப் போகிறது என்று கேட்கத் தீவில் யாருக்கும் நேரமில்லை, ஏனென்றால் அன்றைக்கே வேறொரு கேள்வி வந்துவிட்டது: ஒரு ரோடு, நூற்றுப் பத்து வீடு, முதலில் யாருக்கு?

ஒரு வாரம் சண்டை நடந்தது. பிறகு மாதா கோயில் கமிட்டியும் ஜமாத்தும் இசக்கியம்மன் கோயில் வரிக்காரர்களும் ஒரே மரத்தடியில் உட்கார்ந்து முறை வகுத்தார்கள். பிரசவத்துக்கு முதலில், நோயாளிக்கு அடுத்து, சாவுக்கு அதற்கடுத்து, பிறகு விருந்தாளிக்கு, பிறகு பள்ளிக்கூடத்துக்கு, மீனுக்குக் கடைசியில். மீன்காரர்கள் முனகினார்கள். "மீன்தான் செத்தாச்சே, அதுக்கு என்ன அவசரம்" என்று பெண்கள் சொன்னதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அளக்க வந்த அதிகாரி ஒருவர் நாடாவின் ஒரு முனையைத் துறையில் பிடித்துக்கொண்டு நின்றார். மறுமுனையைப் பிடித்திருந்தவர் கொஞ்ச நேரம் கழித்துக் கோயில் பக்கமிருந்து குரல் கொடுத்தார். அதிகாரி ஊரார் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, "சாலை உள்ளது" என்று எழுதிக்கொண்டு படகேறினார்.

அப்புறம் எல்லாம் பழகிப்போனது. ரோட்டில் காயப்போட்ட மிளகாய் வேறொருத்தி வாசலுக்குப் போய், அவள் அதை அரைத்துக் குழம்பு வைத்து, கேட்க வந்தவளுக்கே ஒரு கிண்ணம் ஊற்றிக் கொடுப்பதும், துறையில் படுத்துத் தூங்கிய நாய் பள்ளிவாசல் அருகே விழித்துக்கொண்டு அசடு வழிந்தபடி மணலில் நடந்து திரும்புவதும் தீவில் தினப்படி நடக்கிற காரியங்கள். ரோட்டில் யாரும் எச்சில் துப்புவதில்லை. பெரிய நாளுக்கு முன்னால் கூட்டிப் பெருக்கித் தண்ணீர் தெளிக்கிறார்கள்.

அந்த ரோட்டில்தான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அமலோற்பவம் கால் வைத்தாள்.

வயது ஐம்பத்தெட்டு. பிள்ளைகள் மூன்று பேரும் வளர்ந்து ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். வலது கையில் செபமாலை, இடது தோளில் துணிப்பை, பைக்குள் செபப் புத்தகம், ஒரு டப்பா உளுந்த மாவு, கருப்பட்டி நாலு வட்டு, செய்தித்தாளில் சுற்றிய இரண்டு டஜன் கண்ணாடி வளையல். வளையல் கடைசி மகள் ஜெசிந்தாவுக்கு. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஜெசிந்தா, வீட்டில் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஆலாத்திட்டுக்காரன் ராயப்பனைக் கட்டிக்கொண்டு படகேறிய அன்று, அமலோற்பவம் நேரே கோயிலுக்குப் போய்ப் பீடத்தின் முன்னால் நின்று, எரிகிற மெழுகுதிரிக்கு மேலே கையை நீட்டி, "செத்தாலும் அவ வீட்டுக்கு வழி கேக்க மாட்டேன் ஆண்டவரே" என்று சொல்லிவிட்டாள். கோபம் ஆறு மாதத்தில் போய்விட்டது. சொன்ன சொல் போகவில்லை. ஜெசிந்தா மூன்று வருஷம் கிறிஸ்துமஸுக்குக் கார்டு அனுப்பினாள். என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் அமலோற்பவம் அவற்றைச் செபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். நாலாம் வருஷம் கார்டு வரவில்லை.

"கோவத்துல சொன்னதும்மா. ஆண்டவர் அதையெல்லாம் நெனப்புல வச்சிருக்க மாட்டார்" என்றார் பங்குச் சாமியார்.

"அவர் மறந்திருப்பார் சாமி. நான் மறக்கலையே" என்றாள் இவள்.

போன வாரம் மீன் வாங்கப் போன இடத்தில் ஜெசிந்தாவுக்கு ஏழு மாதம் என்று காதில் விழுந்தது. எட்டு வருஷம் கழித்து ஏழு மாதம். வீட்டுக்கு வந்து அழுதாள். கால் புண்ணோடு கட்டிலில் கிடந்த கணவர் சூசை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வழி கேக்க மாட்டேன்னுதான சொன்ன? போக மாட்டேன்னா சொன்ன? ஒரு நாள் சோத்தைப் பக்கத்து வீட்ல சொல்லிக்கிறேன், போ" என்றார்.

அப்படித்தான் வந்தாள். திரும்பும் படகு நாலரைக்கு. அதை விட்டால் சனிக்கிழமைதான். அதற்குள் மகள் வீடு தானாகக் கண்ணில் பட வேண்டும், பட்டாலும் அந்த வீட்டுக் கதவு திறக்க வேண்டும்.

தீவின் ஒரே ஆட்டோவை ஓட்டுகிறவள் பாத்துமுத்து. நாற்பது வயதிருக்கும், தலையில் முக்காடு, வாயில் ஏலக்காய். வந்தவளைப் பார்த்ததும் சீட்டைத் தட்டிச் சுத்தம் செய்தாள்.

"ஏறுங்கக்கா. இன்னைக்கு ரோடு உங்களுக்கு. வேற விருந்தாளி இல்ல."

அமலோற்பவம் ஏறி உட்கார்ந்தாள். எங்கே என்று கேட்பாள் என்று காத்திருந்தாள். கேட்டால் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம், கேட்டதற்குப் பதில் சொல்வது வழி கேட்டதாகாது என்று படகிலேயே யோசித்து வைத்திருந்தாள். ஆனால் ஆலாத்திட்டில் விருந்தாளியிடம் ஏன் வந்தீர்கள், எங்கே போகிறீர்கள், பெயரென்ன என்று கேட்கிற வழக்கமே கிடையாது. முன்காலத்தில் இந்தத் தீவுக்கு வந்தவர்கள் எல்லாம் எதையாவது தொலைத்துவிட்டோ எதற்காவது பயந்தோ வந்தவர்கள், கேட்டால் அழுதார்கள், அதனால் கேட்பதை விட்டுவிட்டார்கள். இலையில் உட்கார்ந்தவரிடம் எத்தனை இட்லி தின்பீர்கள் என்று கேட்பது எப்படியோ அப்படித்தான் அதுவும். விருந்தாளியின் கையைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். பாத்துமுத்து கையைப் பார்த்தாள். கையில் செபமாலை.

"மாதா கெபிக்குப் போப்பா" என்று குனிந்து ரோட்டிடம் சொன்னாள்.

ரோடு ஒரு தடவை சிலிர்த்துக்கொண்டு புறப்பட்டது. ஆட்டோ தாண்டிய ரோடெல்லாம் பின்னாலிருந்து எழுந்து, இரண்டு பக்கமும் மணலைத் தடவிக்கொண்டு முன்னால் வந்து விரிந்தது. முந்நூறு எட்டு ரோட்டில் மூன்று மைல் போனார்கள். அமலோற்பவம் முதலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு அருள் நிறைந்த மரியே சொன்னாள், பாதியில் பயம் போய்விட்டது, மீதியை நன்றியாகச் சொல்லி முடித்தாள்.

குகைபோல் கட்டிய கெபிக்குள் மாதா கடலைப் பார்த்து நின்றாள். திரி ஏற்றினார்கள். அங்கிருந்து கலங்கரை விளக்கம், அங்கிருந்து கடலுக்குள் ஊறுகிற நல்ல தண்ணீர்க் கிணறு. விருந்தாளிக்குக் காட்ட வேண்டியதை எல்லாம் பாத்துமுத்து ஒன்று விடாமல் காட்டினாள். அமலோற்பவம் கலங்கரை விளக்கத்தைப் பார்க்காமல் அதன் அடியிலிருந்த வீட்டுக் கொடியில் காய்ந்த புடவையைப் பார்த்தாள். கிணற்றைப் பார்க்காமல் தண்ணீர் எடுக்க வந்த பெண்களின் வயிற்றைப் பார்த்தாள்.

மதியம் பாத்துமுத்து தன் வீட்டுக்கே அழைத்துப் போய்க் கஞ்சியும் கருவாட்டுத் துவையலும் வைத்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து அவள் மகன் சாப்பிட வந்தான்.

"தம்பி பேர் என்ன?" என்று அமலோற்பவம் கேட்டாள். விருந்தாளி கேட்கலாம், தடையில்லை.

"சுப்பையா மரைக்காயர்" என்றான் அவன், கஞ்சியிலிருந்து தலை தூக்காமல்.

அமலோற்பவம் விழிப்பதைப் பார்த்துப் பாத்துமுத்து சிரித்தாள். "இவன் வயித்துல இருந்தப்ப எனக்கு வலி எடுத்துச்சுக்கா. அன்னைக்கு ரோடு ரேஷன் கடை சுப்பையா அண்ணன் கையில. அவங்கம்மாவுக்குக் காய்ச்சல்னு கூட்டிட்டுப் போயிட்டிருந்தாங்க. அம்மாவத் தோள்ல தூக்கிக்கிட்டு, 'குடுக்கிறேன்'னு எனக்கு விட்டாங்க. யாரு ரோட்டக் குடுக்கிறாங்களோ அவங்க பேருதான் புள்ளைக்கு. வீட்டுக்கு வீடு அந்தப் பேரக் கூப்பிட்டு அனுப்புவோம், எல்லாரும் அவங்களுக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கணும்ல. அந்தோணி வீட்டு மூத்தவ மீனாட்சி. கோயில் பூசாரி பேரன் காதர். நாங்க அந்தந்த சாமிகிட்டச் சொல்லிருவோம்."

"அவங்க கொடுக்காட்டி?"

"வாயால சொல்லாம ரோடு நகராது. இதுவரைக்கும் யாரும் கொடுக்காம இருந்ததில்ல."

சாப்பிட்ட பிறகு ஆட்டோ மெதுவாகத்தான் போனது. விருந்தாளி எதையோ தேடுகிறாள் என்று பாத்துமுத்துவுக்குப் புரிந்துவிட்டது. கேட்கவும் முடியாது, சும்மா இருக்கவும் மனசு வரவில்லை. அதனால் மேற்குக் கரை முழுவதும் ரோட்டிடம் பேசுகிறவள்போல் ஒவ்வொரு வீடாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். "இது சவேரியார் வீடு, மெல்லப் போ. இது வலை பின்னுற வேலுச்சாமி வீடு, இவுக மகளுக்குத் தை மாசம் கல்யாணம். இது பூட்டிக் கெடக்கிற வீடு, ஆளு துபாய்ல." சொல்லிவிட்டு ஒவ்வொரு தடவையும் கண்ணாடியில் விருந்தாளியின் முகத்தைப் பார்த்தாள். முகம் அசையவில்லை. அமலோற்பவம் மடியில் பையை அணைத்துக்கொண்டு, மாதாவே, மாதாவே என்று உதட்டுக்குள் உருட்டிக்கொண்டிருந்தாள்.

தென்முனையில் ஒரு பூவரச மரத்தடியில் ஆட்டோ நின்றது. அதற்கப்பால் ஓலை வேலிகள். மணி மூன்று.

"இனி தெக்குக் கரையில ஏழு வீடுதான்க்கா பாக்கி" என்றாள் பாத்துமுத்து. அமலோற்பவம் சீட்டின் நுனிக்கு நகர்ந்தாள். ஏழில் ஒன்று. ஏழில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

அப்போது வடக்கேயிருந்து சங்கு கேட்டது. ஒரு முறை. இரண்டு முறை. மூன்று முறை.

பாத்துமுத்து கண்ணை மூடித் திறந்தாள். "பிரசவம். வடகரை முத்துச்செல்வியா இருக்கும். நர்ஸம்மாவத் துறையில ஏத்தணும், அப்புறம் அவளையும் அவ மாமியாரையும் ஏத்தணும். உங்களுக்கு எடம் இருக்காதுக்கா." பிறகு, விருந்தாளியிடம் பேச வேண்டிய முறைப்படி ஆட்டோவை விட்டு இறங்கி நின்று, "இது உங்க ரோடு" என்றாள்.

ரோடு அசையாமல் கிடந்தது. மைல்கல்லின் மேல் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது. அமலோற்பவம் ஏழு வீட்டு வேலிகளையும் பார்த்தாள். இந்த மணலில் இவள் முழங்கால் பத்து எட்டு தாங்காது. ரோடு போனால் அந்த ஏழு வீட்டை இன்றைக்குப் பார்க்க முடியாது, சனிக்கிழமை வரைக்கும் சூசையின் காலுக்கு மருந்து போட யாரும் இல்லை, இன்னொரு முறை கடல் தாண்ட இந்த மனசுக்குத் துணிவு வருமோ வராதோ. அதே நேரம் முகம் தெரியாத முத்துச்செல்வி பாயைக் கையால் பிறாண்டிக்கொண்டு கிடப்பது இவள் கண்ணுக்குத் தெரிந்தது, அந்தக் கை ஜெசிந்தாவின் கையாக இருந்தது.

"குடுக்கிறேன்" என்று சொல்லி இறங்கினாள்.

"அல்லாஹ் உங்களுக்கு நல்லது செய்வான். பேரச் சொல்லுங்க, கூப்பிடணும்."

இதை அவள் நினைக்கவில்லை. பெயரைச் சொன்னால் நூற்றுப் பத்து வீட்டிலும் கேட்கும், ஜெசிந்தா வீட்டிலும் கேட்கும். கேட்டும் அவள் வராமல் இருந்துவிட்டால்? இத்தனை வருஷமும் வழி தெரியவில்லை என்று இருந்தது. இனிமேல் அம்மா வந்தது தெரிந்தும் வரவில்லை என்று ஆகிவிடும். செபமாலையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பொய்ப் பெயர் சொல்ல அவளுக்குத் தெரியாது.

"அமலோற்பவம்."

"அல்லா, வாய் நெறைய இருக்கே. முத்துச்செல்வி பாவம்" என்று சொல்லிக்கொண்டே பாத்துமுத்து ஆட்டோவைத் திருப்பினாள். ரோடு விருட்டென்று எழுந்து வந்த வழியே ஓடியது. மேற்குக் கரையின் முதல் வீட்டைத் தாண்டும்போது, "அமலோற்பவம் ரோடு குடுத்தாங்க" என்று அவள் கத்தியது மரத்தடி வரைக்கும் கேட்டது.

கூப்பிடுகிற பெயர் ரோடு புறப்பட்ட பக்கமாகத்தான் தீவைச் சுற்றி வரும், எதிர்ப்பக்கமும் போகாது, குறுக்கேயும் போகாது. அதுவும் முறைதான். அமலோற்பவம் பூவரச மரத்தடியில் மணலில் உட்கார்ந்து, தன் பெயர் தன்னை விட்டு விலகிப் போவதைக் கேட்டாள். சவேரியார் சொன்னார், வேலுச்சாமி சொன்னார், பூட்டிய வீட்டுக்காக அடுத்த வீட்டுக்காரி இரண்டு தடவை சொன்னாள். ஆண் குரலில் போனது, பெண் குரலில் போனது, பல் விழுந்த குழந்தையின் குரலில் அமலோப்பவம் என்று போனது, பள்ளிவாசல் பக்கம் ஒருவர் அதை ராகமாகவே சொன்னார். பெயர் வடக்கே திரும்பி, காற்றில் கரைந்து, கேட்காமல் போய்விட்டது. அவள் செபமாலை சொல்ல ஆரம்பித்தாள். முதல் பத்து மணி முத்துச்செல்விக்கு. இரண்டாவது பிறக்கப் போகும் பிள்ளைக்கு. மூன்றாவது சூசையின் காலுக்கு. தனக்கென்று கேட்க வெட்கமாக இருந்தது. நாலாவதையும் முத்துச்செல்விக்கே கொடுத்தாள்.

ஐந்தாவது பத்தில் கிழக்குப் பக்கமிருந்து பெயர் திரும்பி வந்தது. முதலில் துறையில், பிறகு ஐஸ் கிடங்கில், பிறகு தெற்குக் கரையின் கடைசியில். தீவை முழுச் சுற்றுச் சுற்றி அது அவளைத் தேடிக்கொண்டு வந்தது. ஒரு வீடு கூப்பிட்டது, அடுத்த வீடு கூப்பிட்டது. அவள் எண்ணினாள். மூன்று, நான்கு. ஐந்தாவது வீட்டில் ஒரு கிழவர் இருமிவிட்டுக் கூப்பிட்டார். ஆறாவது வீட்டில் ஒரு பெண் பாத்திரம் கழுவிக்கொண்டே கூப்பிட்டாள். இனி ஏழாவது, மரத்துக்கு நேர் பின்னால், இருபது எட்டில் இருந்த வேலிக்குள்.

அந்த வீட்டிலிருந்து சத்தமே வரவில்லை.

"ஏ புள்ள, கேட்டுச்சா? அமலோற்பவம்" என்று பாத்திரம் கழுவுகிறவள் மறுபடியும் கூப்பிட்டாள். எட்டு வருஷம் எத்தனை நீளம் என்று அமலோற்பவத்துக்கு அப்போதுதான் தெரிந்தது. திரும்பிப் பார்க்கத் துணிவில்லாமல், கடலைப் பார்த்தபடி, கையிலிருந்த மணியை நகர்த்தாமல் உட்கார்ந்திருந்தாள்.

கடைசி வீட்டுக்குக் கூப்பிட்டுக் கொடுக்க ஆளில்லை. வெளியைப் பார்த்துச் சொல்லி முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான். வேலிப் படல் கிறீச்சிட்டது.

"அம்மா" என்றது குரல்.

பன்னிரண்டு வருஷத்தில் ஒரு பெயர் தீவின் கடைசி வீட்டில் மாறிப்போனது அன்றைக்கு மட்டும்தான். முறை தப்பிவிட்டதா என்று பிறகு மரத்தடியில் பேச்சு வந்தபோது, பெற்றவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட யாருக்கு வாய் வரும் என்று பெரியவர்கள் அதையும் முறையிலேயே சேர்த்துக்கொண்டார்கள்.

ஜெசிந்தா இடுப்பில் கை கொடுத்துக்கொண்டு மணலில் மெதுவாக வந்தாள். அம்மாவின் அருகில் உட்கார அவளுக்கு நேரம் பிடித்தது.

"இருபது எட்டுல உக்காந்திருக்கீங்க. யார்கிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேக்க மாட்டேன்னு சொல்லிட்டேனே."

"எங்கிட்டயா சொன்னீங்க?"

"ஆண்டவர்கிட்ட."

"அவரே கூப்பிட்டுட்டாரு போல" என்று ஜெசிந்தா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "கார்டுக்காவது பதில் போட்டிருக்கலாம்."

அமலோற்பவம் பையிலிருந்து செபப் புத்தகத்தை எடுத்தாள். உள்ளே மூன்று கார்டுகளும், ஓரம் நைந்து, ஒரு நாளும் மூடி வைக்காததுபோல் இருந்தன. ஜெசிந்தா அவற்றைப் பார்த்தாள், கையை நீட்டினாள். அமலோற்பவம் வளையல்களை ஒவ்வொன்றாக ஏற்றினாள். கை வீங்கியிருந்ததால் மூன்று உடைந்தன. உடைந்ததைக் கண் திருஷ்டி கழிந்தது என்று சொல்லி மணலில் புதைத்தாள்.

நாலு மணிக்கு ரோடு திரும்பி வந்தது. மரத்தடிக்கு வந்து, இரண்டு பேர் காலடியிலும் முனையைத் தாழ்த்திப் படுத்தது. பாத்துமுத்துவின் முக்காடு நனைந்திருந்தது, முகம் மலர்ந்திருந்தது.

"பொம்பளப் புள்ளக்கா. ஆட்டோலயே அழுதிருச்சு. இப்பவே அமலோன்னு சுருக்கிட்டாங்க." பிறகு வளையல்களைப் பார்த்தாள், ஜெசிந்தாவைப் பார்த்தாள், இரண்டு முகத்தின் மூக்கையும் மாறி மாறிப் பார்த்தாள். "யா ரப்பே. காலைலேர்ந்து இந்த வீட்டத் தவிர எல்லாத்தையும் காட்டிருக்கேன்."

"படகுக்கு நேரமாச்சே" என்றாள் ஜெசிந்தா.

"யாரு பேரக் கூப்பிட்டாங்களோ அவங்க ஏறாம படகு போகாது. படகுக்காரர் செபமணியும் ரோடு மாதிரிதான், சொன்னாத்தான் நகருவாரு." பாத்துமுத்து அமலோற்பவத்தின் பக்கம் திரும்பினாள். "பேர் கூப்பிட்டாச்சுன்னா நீங்க விருந்தாளி இல்லக்கா, இந்த ஊர் ஆளு. இனிமே நான் கேக்கலாம். எங்க போகணும்?"

எட்டு வருஷமாக யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்த கேள்வி. அமலோற்பவம் ஏறி உட்கார்ந்து, மகளையும் கை கொடுத்து ஏற்றிக்கொண்டு, குனிந்து ரோட்டிடம் தானே சொன்னாள்.

"எம் மக வீட்டுக்குப் போப்பா."

ரோடு நகரவில்லை. இன்னொரு தடவை சொன்னாள், இன்னும் கொஞ்சம் மரியாதையாக. ரோடு அப்படியே கிடந்தது, மைல்கல் மேல் காக்கை கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது, அப்போதுதான் ஜெசிந்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். ரோட்டின் மறுமுனை ஏற்கெனவே வளைந்து வந்து அவள் வீட்டு வேலிப் படலைத் தொட்டுக்கொண்டுதான் கிடந்தது.